தச்சர் பதில்கள்: குருவி குடிவராத வீடு

போன முறை நாற்காலிக் கால் ஆட்டத்துக்கு ஆப்பு வைப்பது பற்றி எழுதும்போது, என் பட்டறைச் சுவரில் குருவிப் பெட்டி மாட்டியிருப்பதைப் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், நாற்காலியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் முக்கால்வாசி குருவி பற்றியே. ஆகவே இந்த முறை மேசை, கட்டில், கதவு எதுவும் கிடையாது.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் ஆசையாக ஒரு பறவை வீடு வாங்கி மாடிச் சுவரில் மாட்டினேன். சிவப்புக் கூரை, வெள்ளைச் சுவர், வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி, பக்கவாட்டில் குட்டி ஜன்னல். இதுவரை ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. என்ன குறை?

வீட்டில் குறை இல்லை அம்மா. மனுஷர் பார்த்து ரசிக்கக் கட்டின வீடு அது. நானும் கட்டியிருக்கிறேன். என்னுடைய முதல் பெட்டியில் புகைபோக்கிகூட உண்டு! அதை மாட்டிய வருஷம் ஒரு குருவி ஜோடி பட்டறைக்குள் வந்தது. புகைபோக்கி வீட்டை ஒட்டியே பறந்து போய், அலமாரி மேல் கிடந்த பழைய அட்டைப்பெட்டியின் கிழிந்த மூலைக்குள் புகுந்து கூடு கட்டியது. துளைபோடும் மெஷின் வந்த பெட்டி. தினமும் பத்து இருபது தடவை என் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போகும். ஒரு தச்சனை இதைவிட யாரும் அவமானப்படுத்த முடியாது.

அந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்துத்தான் பாடம் படித்தேன். உள்ளே இருட்டு. ஒரே ஒரு வழி, அதுவும் உடம்பு நுழைகிற அளவுக்கு மட்டும். உட்காரக் குச்சி இல்லை. மரத்தில் இயற்கையாக விழும் பொந்துக்கு வாசலில் யார் குச்சி நட்டு வைக்கிறார்கள்? குருவிக்குக் கால் நகம் போதும், துளை விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். குச்சி பயன்படுவது காக்கைக்குத்தான். அதில் உட்கார்ந்துகொண்டு தலையை நீட்டிக் குஞ்சை இழுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: குச்சியை ரம்பத்தால் ஒட்ட அறுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு உள்ளிருந்து ஒரு பலகைத் துண்டு வைத்துத் திருகாணி போடுங்கள். துளையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அழகுக்காகச் செய்கிற வீடுகளில் அது பெரும்பாலும் மனம்போன அளவில் இருக்கும். பிறகு அந்த மாடிச் சுவரில் பிற்பகல் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் வேறு சுவர் தேடுங்கள்.

கேள்வி: 15 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை கிடக்கிறது. அதை வைத்து சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்ய அளவு சொல்லுங்கள்.

பலகை 2 செ.மீ. கனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். நீளம் 140 செ.மீ. இருந்தால் ஒரு பெட்டி வந்துவிடும், ரம்பம் தின்கிற தூளையும் சேர்த்து.

முதுகுப் பலகை 35 செ.மீ. முன்பலகை 20. கூரை 23. அடிப்பலகை 11. பாக்கியில் 45 செ.மீ. துண்டு ஒன்று எடுத்து, ஒரு ஓரத்தில் 20 செ.மீ., எதிர் ஓரத்தில் 25 செ.மீ. குறித்து, இரண்டையும் சேர்த்துச் சாய்வாக ஒரே அறுப்பு. இரண்டு பக்கப் பலகையும் சரிவோடு கிடைத்துவிடும், துளி வீணாகாது. அடிப்பலகை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார வேண்டும். கீழே ஒட்டினால் மழைத்தண்ணீர் இடுக்கில் இறங்கும். முன்பலகையின் மேல்விளிம்பு கூரைச் சரிவுக்கு இடிக்கும், அதை மட்டும் இழைப்புளியால் சாய்த்துவிடுங்கள்.

துளையின் மையம் முன்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து 15.5 செ.மீ. துளை விட்டம் 32 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் உள்தரையிலிருந்து துளையின் அடிவிளிம்புக்கு 12 செ.மீ. ஆழம் கிடைக்கும். இந்த ஆழம் குறையக் கூடாது. புல்லும் இறகுமாகக் கூடு மேலேறிவிட்டால் குஞ்சு வாசலுக்கு வந்துவிடும், வெளியிலிருந்து நீட்டுகிற நகத்துக்கும் எட்டிவிடும்.

அடிப்பலகையின் நாலு மூலையிலும் 6 மி.மீ. துளை, தண்ணீர் வடிய. பக்கப் பலகைகளில் கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டிரண்டு துளை, சூடு வெளியேற. கூரையை ஆணி அடித்து மூடிவிடாதீர்கள், சுத்தம் செய்யத் திறக்க வேண்டும். கீலுக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கூரைக்கும் முதுகுப் பலகைக்கும் சேர்த்து அடித்துவிடுங்கள். துருப் பிடிக்காது, இடுக்கில் தண்ணீரும் இறங்காது. முன்பக்கம் ஒரு கொக்கி போடுங்கள். பூனை கூரையை நெம்பும்.

பிளைவுட் வேண்டாம். இரண்டு மழையில் ஏடு ஏடாகப் பிரியும். பூச்சி மருந்து பாய்ச்சின பலகையும் வேண்டாம்.

கேள்வி: அது என்ன 32? 35 போட்டால் வீடு இடிந்துவிடுமா?

இடியாது. குருவி வேண்டுமென்றால் 35-லும் வரும். துளை என்பது நாம் பூட்டுகிற பூட்டு. யார் உள்ளே வரலாம் என்பதைவிட யார் வரக் கூடாது என்பதற்குத்தான் அளவு. சாம்பல் சிட்டு இனத்துக்கு 28 மி.மீ. போதும், சிட்டுக்குருவிக்கு 32. ஸ்டார்லிங் பறவைக்கு 45. மைனாவுக்கு 5 செ.மீ. தாண்ட வேண்டும். குண்டுகரிச்சானுக்கும் கிட்டத்தட்ட 5 செ.மீ. கொடுங்கள். ஒருதரம் கண்மதிப்பில் துளைபோட்டு, உளியால் ‘கொஞ்சம்’ பெரிதாக்கினேன். குருவிக்குச் செய்த பெட்டியில் மைனா வந்து உட்கார்ந்து, உள்ளே இருந்த புல்லையெல்லாம் என் தலையில் கொட்டியது. அதிலிருந்து அளவுகோல் இல்லாமல் துளையைத் தொடுவதில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் நீலப்பறவைக்குப் பெட்டி வைக்கிறவர்கள் 38 மி.மீ. துளை போடுகிறார்கள். அந்தத் துளையில் சிட்டுக்குருவி தாராளமாக நுழைந்து நீலப்பறவையை விரட்டிவிடும். அங்கே குருவி சொந்த ஊர்க்காரன் இல்லை, 1850-களில் நியூயார்க் புரூக்ளினில் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து பரவியது. அங்குள்ள பறவைப் பிரியர்கள் குருவியை எப்படி விரட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இங்கே நாம் மார்ச் 20-ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவி நாள் கொண்டாடுகிறோம்.

கேள்வி: தேன்சிட்டுக்கும் தூக்கணாங்குருவிக்கும் பெட்டி செய்து தருவீர்களா?

மாட்டேன். செய்தாலும் வராது. பொந்தில் முட்டையிடும் பறவைதான் பெட்டிக்கு வரும். தூக்கணாங்குருவி என்னைவிடப் பெரிய தொழிலாளி, தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும், கொண்டைக்குருவி புதருக்குள் கிண்ணம் கட்டும். அவற்றுக்கு உதவ வேண்டுமென்றால் தோட்டத்து மூலையில் ஒரு புதரை வெட்டாமல் விடுங்கள். எனக்கும் கூலி மிச்சம், உங்களுக்கும் மிச்சம்.

கேள்வி: நானும் மரவேலை தெரிந்தவன். உள்பக்கம் நன்றாக இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஒரு கோட் வார்னிஷும் அடித்து வைத்தால் பூச்சி சேராதல்லவா?

தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்தான் சரியான ஆள். சொல்லப் பிடிக்காத கதை என்றாலும் சொல்கிறேன்.

எனக்கு இழைப்பில் கொஞ்சம் கர்வம் உண்டு. விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். குண்டுகரிச்சானுக்காகச் செய்த பெட்டி ஒன்றை உள்ளும் புறமும் அப்படித்தான் இழைத்தேன். ஆழம் வேறு அதிகம், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. ஜோடி வந்தது, முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது. நாள் முழுக்க உள்ளே ஒரே இரைச்சல். அப்புறம் ஒருநாள் காலை, உளி தீட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து வேறு மாதிரி சத்தம். சரக், சரக் என்று. கொஞ்சம் நிற்கும். மறுபடி சரக், சரக். தாய் வெளியே கொடிக் கம்பியில் உட்கார்ந்து கூப்பிட்டபடி இருந்தது. வாயில் புழு வைத்திருந்தது, ஆனால் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. குஞ்சை வெளியே வரச் சொல்கிறது, அது வர முடியவில்லை.

கூரையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று குஞ்சு. இறக்கை முளைத்துத் தயாராக இருந்தன. ஒன்று முன்பலகையில் கால் வைத்து ஏறப் பார்க்கிறது, நகம் பிடிப்பதற்கு இடமில்லை, வழுக்கி விழுகிறது. மறுபடி ஏறுகிறது. நான் இழைத்த பலகையில் ஒரு சிம்பு இல்லை, ஒரு வரி இல்லை. இன்னொன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மூலையில் கிடந்தது, அது முந்தின நாளே போயிருக்கும்.

கையில் கிடைத்த ஒரு கரடுமுரடான ரீப்பர் துண்டைத் துளைக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அரை மணியில் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

ஆகவே முன்பலகையின் உள்பக்கத்தை இழைக்காதீர்கள். ரம்பம் விட்ட தடம் அப்படியே இருக்கட்டும். பலகை ஏற்கெனவே வழுவழுப்பாக இருந்தால், துளைக்குக் கீழே அடிவரை ஒரு செ.மீ. இடைவெளியில் குறுக்காக ரம்பத்தால் கீறிவிடுங்கள். ஏணிப்படி மாதிரி. துளை விளிம்பை மட்டும் அரத்தால் ராவிப் பிசிறு எடுங்கள், இறகு மாட்டக் கூடாது. வார்னிஷ், பெயின்ட் எதுவும் உள்ளே வேண்டாம். வெளியே வேண்டுமானால் தண்ணீரில் கரைகிற பெயின்ட், வெளிர் நிறத்தில் அடித்து, வாசனை போன பிறகு மாட்டுங்கள். கருநிறம் அடித்தால் பெட்டி அடுப்பாகிவிடும்.

கேள்வி: மரம் கிடைக்கவில்லை. தகர டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், மண்கலயம் – எது பரவாயில்லை?

தகரம் சுடும், பிளாஸ்டிக் வியர்க்கும். மண்கலயம் நல்லது. மனுஷன் பறவைக்குக் கொடுத்த பழைய வீடுகளில் அதுவும் ஒன்று. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே வீட்டுச் சுவரில் கலயம் மாட்டி ஸ்டார்லிங்கைக் குடிவைத்தார்கள். பாசத்தில் இல்லை. கலயத்தின் பின்பக்கம் கை நுழைய வழி இருக்கும், குஞ்சு கொழுத்ததும் எடுத்துச் சமைத்துவிடுவார்கள். சுரைக்குடுக்கையும் உத்தமம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் குடுக்கையைக் கம்பத்தில் தொங்கவிட, ஊதா மார்ட்டின் என்ற தகைவிலான் வகை அதில் தங்கிப் பழகிவிட்டது. இன்று அந்தக் கண்டத்தின் கிழக்குப் பக்கத்தில் அந்தப் பறவை கிட்டத்தட்ட முழுக்க மனிதர் வைக்கும் கூட்டையே நம்பி இருக்கிறது.

குடுக்கையோ கலயமோ, அடியில் தண்ணீர் வடியத் துளை போட மறக்காதீர்கள். கலயத்தின் வாயை அப்படியே திறந்து வைக்காமல், 32 மி.மீ. துளையுள்ள பலகை வில்லையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி கட்டுங்கள்.

கேள்வி: எங்கே, எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? கிழக்கு பார்த்தா, வடக்கு பார்த்தா?

நிலைவாசல் கேட்கிற மாதிரியே கேட்கிறீர்கள். திசையை நான் சொன்னால் தப்பாகிவிடும், பூமியின் எந்தப் பாதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெயில் சாய்கிற பக்கம் மாறும். உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் படாத சுவர், சாரல் அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இரண்டும் சேர்ந்த இடமாகப் பாருங்கள். ஒரு லீவு நாளில் மணிக்கொரு தரம் நிழலைக் குறித்தால் தெரிந்துவிடும். உயரம் 2 முதல் 4 மீட்டர். பெட்டி மேல்நோக்கிச் சாயக் கூடாது, கொஞ்சம் முன்பக்கம் குனிந்திருந்தால் நல்லது. பூனை தாவி ஏறும் மதில், கிளை, கம்பி பக்கத்தில் வேண்டாம்.

வீட்டுக்குள், மின்விசிறி சுற்றும் அறையில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: உள்ளே பஞ்சு, நூல் எல்லாம் போட்டு மெத்தை மாதிரி செய்து வைக்கலாமா?

காலியாக விடுங்கள். மெத்தை போடுவது குடிவருகிறவர் வேலை. நூலும் தலைமுடியும் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும், கால் வளர வளர இறுகும். தோட்டத்தில் காய்ந்த புல்லை ஒரு ஓரமாகப் போட்டு வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தச்சர் தாத்தா, எங்கள் வீட்டுப் பெட்டியில் குருவி முட்டை போட்டிருக்கிறது. தினமும் திறந்து பார்க்கலாமா? கை பட்டால் அம்மாக் குருவி குஞ்சைச் சேர்த்துக்கொள்ளாது என்று பாட்டி சொல்கிறார்கள். – ஆறாம் வகுப்பு மாணவி

கண்ணு, பாட்டி சொன்னதில் பாதி சரி. தொந்தரவு பண்ணக் கூடாது என்பது சரி. கை பட்டதற்காகக் குஞ்சை விட்டுவிட்டுப் போகாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் வைதம் என்ற காட்டில் 1947-லிருந்து விஞ்ஞானிகள் பெட்டிகளைத் திறந்து முட்டை எண்ணி, குஞ்சுக்கு வளையம் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சிட்டுகள் (சிட்டுக்குருவி இல்லை, சாம்பல் சிட்டின் சொந்தக்காரர்கள்) தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்கின்றன.

ஆனால் தினமும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். தாய் வெளியே போன நேரமாகப் பார்த்து, பெரியவர் யாரையாவது ஏணியைப் பிடிக்கச் சொல்லி, வாரம் ஒருதரம் பார். முட்டை நாலு அல்லது ஐந்து இருக்கும், எண்ணி எழுது. சுமார் 12 நாளில் பொரியும். அப்புறம் சுமார் 15 நாளில் பறந்துவிடும். குஞ்சுக்கு இறகு மூடின பிறகு கூரையைத் தொடாதே. பயந்து, பறக்கத் தெரிவதற்கு முன்பே வெளியே குதித்துவிடும்.

அப்படி ஒரு குஞ்சு கீழே தத்தித் தத்தி நடந்தால், அது தொலைந்துபோனது இல்லை, பழகுகிறது. பக்கத்துப் புதரில் எடுத்து வைத்துவிட்டுப் பூனையை உள்ளே கட்டு. அப்பா அம்மா குருவி தேடி வந்து ஊட்டும். இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் மட்டும் திரும்பப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்து எழுது: வாயில் என்ன கொண்டுவருகிறது? தானியம் இருக்காது, பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான். வீட்டில் செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டு.

கேள்வி: அணில் துளையைக் கடித்துப் பெரிதாக்கிவிட்டது. பெட்டியைத் தூக்கிப் போடவா?

வேண்டாம். 32 மி.மீ. துளையிட்ட ஒரு தகட்டை வாசலைச் சுற்றி அறையுங்கள். ஓரத்தை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். அதற்கு முன் திறந்து பாருங்கள், அணில் குட்டி போட்டிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். குளவி கட்டியிருந்தாலும் பொறுமை, இருட்டின பிறகு வீரம் காட்டி நான் வாங்கின கொட்டு ஒரு வாரம் வீங்கியது.

கேள்வி: குஞ்சு பறந்த பிறகு பழைய கூட்டை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். குருவி ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை முட்டையிடும். ஒரு ஈடு பறந்ததும் அடுத்ததற்கு அதே கூட்டைத் திருத்திக்கொள்ளும். போக்குவரத்து அடியோடு நின்ற பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு எடுங்கள். உண்ணி நிறைய இருக்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். மருந்து எதுவும் அடிக்காதீர்கள். குளிர் காலத்தில் ராத்திரி படுக்கவும் குருவி அதைப் பயன்படுத்தும்.

கேள்வி: போன வாரம் மாட்டிய பெட்டியில் ஒரு ஜோடி புல் எடுத்துக்கொண்டு போகிறது! இன்னும் இரண்டு பெட்டி தயாராக இருக்கிறது. பக்கத்திலேயே இன்றைக்கே மாட்டிவிடலாமா?

சிட்டுக்குருவி கூட்டுக் குடும்பம், அக்கம்பக்கம் ஆள் இருந்தால் அதற்குப் பிடிக்கும். ஒரே சுவரில் இரண்டு மூன்று பெட்டி வரிசையாக மாட்டலாம், தப்பே இல்லை. குண்டுகரிச்சானாக இருந்தால் வேண்டாம் என்பேன், அது தன் எல்லைக்குள் இன்னொரு ஜோடியை விடாது.

ஆனால் இன்றைக்கு வேண்டாம். புல் எடுக்க ஆரம்பித்திருக்கிற ஜோடிக்குப் பக்கத்துச் சுவரில் டமால் டமால் என்று அடித்தால் விட்டுவிட்டுப் போய்விடும். முதல் ஈடு பறக்கட்டும். அதுவரை அந்த இரண்டு பெட்டியையும் நிழலில் வைத்துவிட்டு, முன்பலகையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் ரம்பத்தை எடுங்கள்.